நிற்கும் இடம்: புளியந்தோப்பைப் படம் எடுப்பது பற்றிச் சில கேள்விகள்

1

கட்டடங்களைப் படம் எடுக்கிறவர்கள் ஆட்கள் விலகிப் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆட்களைப் படம் எடுக்கிறவர்கள் பின்னால் இருக்கும் கட்டடத்தை மங்கலாக்கிவிடுகிறார்கள். புகைப்படம் பற்றி நம் சூழலில் நடக்கும் கொஞ்சநஞ்சப் பேச்சும் இதை வெறும் வகைமைப் பிரிவாகவே பார்க்கிறது. ஒன்று கட்டடக்கலைப் புகைப்படம், மற்றது தெருப் புகைப்படம். இரண்டுக்கும் தனித்தனிப் போட்டிகள், தனித்தனி லென்ஸுகள். இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது, யாருக்கு உதவுகிறது, புளியந்தோப்பு போன்ற ஓர் இடத்துக்குள் நுழையும்போது அது என்னவாகிறது என்பவையே இக்கட்டுரையின் அக்கறைகள்.

இதை எழுத எனக்குத் தொழில்முறைத் தகுதி எதுவும் கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்தவன், பிரதிகளை வாசித்துப் பழகியவன். சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரிடமிருந்து பழைய சின்னக் காமிரா ஒன்றை விலைக்கு வாங்கினேன். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை. ஜோல்னாப் பையில் புத்தகங்களோடு கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பல ஞாயிற்றுக்கிழமைகள் பேசின் பிரிட்ஜில் இறங்கி, புளியந்தோப்பு நெடுஞ்சாலை, பட்டாளம், ஆடுதொட்டிப் பக்கம், கே.பி. பார்க் என்று சுற்றியிருக்கிறேன்.

அப்படிச் சுற்றும்போது என்னைப் போலவே காமிராவோடு வருகிற கூட்டங்களையும் பார்ப்பேன். விடியலில் காசிமேட்டில் மீன் ஏலம், பிறகு எங்காவது டிபன், பிறகு வடசென்னைச் சந்துகள். இவர்களைக் கேலி செய்து ஒரு கட்டுரை எழுதிவிடுவது எளிது; நானும் எழுதியிருப்பேன். ஆனால் ஒருநாள் அவர்களில் ஒருவர் தன் காமிராவின் திரையைக் காட்டினார், நானும் காட்டினேன். இரண்டிலும் ஒரே படங்கள். கொடியில் காயும் துணி, பூச்சு பெயர்ந்த சுவர், அடிபம்பு, வரிசையாகக் குடங்கள், நீலக் கதவின்முன் ஒரு குழந்தை. எடுத்தவரின் பெயரை மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. அவர் எந்த அரசியலும் இல்லாமல் எடுத்ததையே நான் அரசியலோடு எடுத்திருக்கிறேன் என்றால், என் அரசியல் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது? கட்டுரை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே இது சுயவிமர்சனமும்கூட.

2

1857-58இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப், ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று பயணம் செய்து கோயில்களையும் அரண்மனைகளையும் படம் பிடித்தார். பெரிய காமிரா, மெழுகு பூசிய காகித நெகட்டிவ். வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும், அதற்குள் நகர்கிறவர்கள் படத்தில் நிற்கமாட்டார்கள். அந்தப் படங்களின் அமைதியும் நுட்பமும் இன்றைக்கும் வியப்பூட்டுபவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஆட்கள் இல்லை. பூசை நடந்துகொண்டிருந்த, கடை போட்டிருந்த, பிச்சைக்காரர்கள் படுத்திருந்த மண்டபங்கள், யாரோ கைவிட்டுப் போன இடங்களைப் போல நிற்கின்றன. இது தொழில்நுட்பத்தின் எல்லை மட்டும்தானா? நாலு பேரை அசையாமல் நிற்கச் சொல்லி எடுக்க அந்தக் காமிராவாலும் முடியும். அரசாங்கம் கேட்டது கட்டடத்தின் பதிவை, கட்டடம் வந்தது.

கொஞ்ச காலம் கழித்து, 1868க்கும் 1875க்கும் இடையில், 'இந்திய மக்கள்' என்ற பொருளில் பெயரிடப்பட்ட எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளியாயின. அங்கே ஆட்கள் மட்டும். சாதி, குலம், தொழில் என்று வகைபிரிக்கப்பட்டு, எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்பது தெரியாமல், பலர் வெறும் துணித் திரைக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள். 1857 கலகத்துக்குப் பிறகு யாரை ஆள்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் அரசுக்கு இருந்தது.

ஆக, ஆள் இல்லாத கட்டடம் ஒருபுறம், கட்டடம் இல்லாத ஆள் மறுபுறம். ஒன்றின் பெயர் பாரம்பரியம், மற்றதன் பெயர் இனவரைவியல். இரண்டும் சந்திக்காதவரை, இந்த இடம் யாருடையது என்ற கேள்வி எழாது. நம் போட்டிகளும் பரிசுகளும் இன்றைக்கும் தொடர்வது இந்தப் பிரிவைத்தான் என்று சொன்னால் நண்பர்கள் கோபப்படலாம். ஆனால் கட்டடத்துக்கு முன்னால் யாராவது வந்துவிட்டால் நம் வாயிலிருந்து தன்னிச்சையாக வருகிற 'கொஞ்சம் நகருங்க' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள்.

இரண்டும் சந்திக்கும் ஒரு புகைப்பட வகை உண்டு. அதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை. நகரத்தின் பல குடியிருப்புகளில் கணக்கெடுப்பு நடக்கும்போது வீட்டின்முன் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். கதவு, எண், குடும்பம் மூன்றும் ஒரே சட்டகத்தில். அந்தப் படம் வீட்டுக்கு உரிமை உண்டு என்பதற்கான சாட்சி. பல சமயம் அந்த வீட்டை இடிப்பதற்கான முன்னேற்பாடும் அதுவே. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் காமிராவோடு நுழைகிற ஆளைப் பார்த்தவுடன் புளியந்தோப்பில் முதலில் வருகிற கேள்வி, படம் அழகாக வருமா என்பதல்ல.

'இன்னாபா, பேப்பரா, கார்ப்பரேஷனா, ஸ்டேஷனா?'

இந்த மூன்று சொற்களில் அடங்கியிருக்கும் புகைப்பட வரலாறு நம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் இன்னும் எழுதப்படவில்லை.

3

சின்னக் காமிராவைப் பற்றி ஒரு விடுதலைக் கதை உண்டு. 1925இல் லைக்கா சந்தைக்கு வந்தது. சினிமாச் சுருளை உபயோகித்தது, கையில் அடங்கியது. 1930 முதல் லென்ஸைக் கழற்றி மாட்டவும் முடிந்தது. முக்காலியிலிருந்து காமிரா இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்தது. 1950 ஏப்ரலில் ரமணர் இறந்தபோது திருவண்ணாமலையில் இருந்த கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், தன் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடிவைத்திருப்பார் என்பார்கள். எடுக்கிறவன் கண்ணில் படக் கூடாது என்பது அந்த மரபின் இலட்சியம். 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து, உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய சின்ன டிஜிட்டல் காமிராவுக்கான அமைப்பை அறிவித்தபோதும் இதே கதைதான் வேறு விளம்பரமாகத் திரும்பி வந்தது. சின்னது, சத்தமில்லாதது, யாரையும் தொந்தரவு செய்யாதது.

புளியந்தோப்பின் சந்துக்குள் இந்தக் கதை நாலு அடிகூடத் தாங்காது. அங்கே கண்ணுக்குப் படாத ஆள் என்று யாரும் இல்லை. நீங்கள் நுழைந்தது, எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்பது, யார் வீட்டு வாசலில் நின்றீர்கள் என்பது, எல்லாம் உங்களுக்கு முன்னால் சந்தின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மறைந்து நின்று பார்க்கும் உரிமை நகரத்தின் சில இடங்களில் சிலருக்கு மட்டுமே உண்டு. பாரிஸின் தெருவில் அது நவீனத்துவ அழகியலாக இருக்கலாம். இங்கே அது உளவு.

அடுத்தது லென்ஸ். என் காமிராவுக்கு மூன்று லென்ஸ் கிடைத்தன: 14, 25, 45 மில்லிமீட்டர். பழைய ஃபிலிம் காமிராக் கணக்கில் 28, 50, 90. வாரியக் குடியிருப்பின் இரண்டு பிளாக்குகளுக்கு இடையில் நின்றுகொண்டு முழுக் கட்டடமும் வேண்டுமென்றால் 14தான் வழி. அண்ணாந்து எடுக்கும்போது கட்டடம் பின்னால் சாய்கிறது. பிறகு கணினியில் நிமிர்த்துகிறோம். அதே லென்ஸை வீட்டுக்குள் கொண்டுபோனால் ஒற்றை அறை கூடம் மாதிரி விரிகிறது. அடுக்குமாடி விற்கிறவர்களின் விளம்பரத் தாள்களில் நாம் பார்க்கிற பார்வை இது. 45ஐ மாட்டித் தூரத்தில் நின்றால் எதிர்ப் பலன். நாலு மாடித் துணிக்கொடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன, மனிதர்கள் நெரிகிறார்கள். 'நெரிசல் மிகுந்த வடசென்னை' என்ற செய்தித் தலைப்புக்குப் படம் தயார்.

இந்த இரண்டையும் லென்ஸின் குணம் என்றே பலரும் சொல்கிறார்கள், நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அது அப்படியில்லை. பொருள்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாக, எவ்வளவு நெருக்கமாகத் தெரிகின்றன என்பதை நாம் நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. லென்ஸ் அதிலிருந்து எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. ஒரே இடத்தில் நின்று அகலக்கோண லென்ஸில் எடுத்து, நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால், தொலை லென்ஸில் எடுத்த அதே நெருக்கம் வரும். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

தமிழில் நமக்கு 'நிலைப்பாடு' என்றொரு சொல் இருக்கிறது. அரசியல் கூட்டங்களில் தேய்ந்துபோன சொல். காமிராவைப் பொறுத்தவரை அது உருவகம் அல்ல. காலடியில் இருக்கும் தரை. நெரிசல் என்பது புளியந்தோப்பில் இருப்பதைவிட, தூரத்தில் நிற்கத் தீர்மானித்தவனின் காலடியில் அதிகமாக இருக்கிறது. நாம் விவாதிக்க வேண்டியது எந்த லென்ஸ் என்பதை அல்ல.

4

ஒரு தொழிற்சாலையின் புகைப்படம் அத்தொழிற்சாலையின் உறவுகளைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லிவிடாது என்று ப்ரெக்ட் கருதினார். 1931இல் புகைப்படத்தின் வரலாறு பற்றி எழுதியபோது பெஞ்சமின் அதை எடுத்தாண்டார். அதே கட்டுரையில், ஆளில்லாத பாரிஸ் தெருக்களை அட்ஜே எடுத்த படங்களைக் குற்றம் நடந்த இடத்தோடு ஒப்பிட்டும் பேசுகிறார். இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டு பின்னி மில்லுக்குப் போகலாம்.

பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் சுவர்கள் படம் எடுக்கிறவர்களுக்கு விருந்து. 1996இல் ஆலை மூடப்பட்ட பிறகு, அந்த வளாகத்தில் எத்தனையோ சினிமாப் படப்பிடிப்புகள் நடந்தன. துரு, செங்கல், உயரமான ஜன்னல், சாய்ந்து விழும் வெயில் என எல்லாம் தாமாகவே அமைந்துவிடும். ஆனால் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டுதான் என்பதை அந்தச் செங்கல் சொல்லாது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கும் இடையே பிளவு விழுந்ததையும், புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிந்ததையும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்ததையும் அது சொல்லாது. வர்க்க ஒற்றுமையின் பிறப்பிடம் என்று கொண்டாடப்பட்ட இடத்திலேயே, சில வருஷங்களுக்குள், சாதி அந்த ஒற்றுமையை எரித்தது. சுவர் நிற்கிறது, குடிசை எரிந்துவிட்டது. நம் கட்டடக்கலைப் புகைப்படம் நிற்பதை மட்டுமே எடுக்கும். எரிந்துபோகக்கூடிய பொருளால் கட்டியவர்களுக்கு அதில் எப்போதும் இடமில்லை.

சுவரைப் பற்றிப் பேசும்போது பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) நினைவுக்கு வராமல் போகாது. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பின் ஒரு சுவர் அப்படத்தில் பின்னணியாக இல்லாமல் பிரச்சினையாகவே நின்றது. சுவரைப் பார்ப்பதற்கும், அது யார் கையில் இருக்கிறது என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ் சினிமா அன்றைக்குத்தான் நிதானமாகக் காட்டியது. புகைப்படத்தில் இதற்கு இணையாக எதைச் சொல்வது?

என் பதில் பலருக்கு உவப்பாக இருக்காது. 2021 ஆகஸ்ட். புளியந்தோப்பு கே.பி. பார்க். பழைய வாரியக் குடியிருப்பு இருந்த இடத்தில் மொத்தம் 1,920 வீடுகளுக்கான திட்டம். முதல் கட்டமாக 864 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டிருந்தன. வெளியே நின்று பார்த்தால் உயரமான, புது வண்ணம் பூசிய கட்டடம். எந்தக் கட்டடக்கலைப் புகைப்படக்காரரும் அதை நல்ல வெளிச்சத்தில் நிமிர்த்தி எடுத்துத் தந்திருக்கலாம், ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டிருக்கலாம். அப்போது செல்போனில் எடுத்த சில காட்சிகள் வெளிவந்தன. ஒரு சுவர், ஒரு விரல். விரல் சுரண்டுகிறது, பூச்சு மாவாக உதிர்கிறது. அவ்வளவுதான். ஒளியமைப்பு கிடையாது, சட்டக ஒழுங்கு கிடையாது, கை ஆடுகிறது. அந்த விரல் சட்டமன்றம்வரை போனது. கட்டடத்தின் தரத்தை ஆராயும் பொறுப்பு ஐஐடி சென்னையிடம் ஒப்படைக்கப்பட்டது.

புளியந்தோப்பில் எடுக்கப்பட்ட ஆகச் சிறந்த கட்டடக்கலைப் படம் இதுதான் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. கட்டடத்தின் உள்ளீட்டை, சிமெண்டுக்கும் மணலுக்கும் உள்ள உறவை, அதாவது காண்ட்ராக்டருக்கும் வாரியத்துக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உறவை அது ஒரே அசைவில் காட்டியது. எது ஒரு புகைப்படத்துக்கு முடியாது என்று ப்ரெக்ட் நினைத்தாரோ அதற்குப் பக்கத்தில் வந்தது. எப்படி வந்தது? எடுத்தவர் நின்ற இடத்தால். சுவரிலிருந்து ஒரு கை தூரம். அந்தத் தூரத்தில் நிற்பதற்கு அங்கே குடியிருக்க வேண்டும், அல்லது குடியிருக்கப் போகிறவராக இருக்க வேண்டும்.

5

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாட்சியமே புகைப்படத்தின் அரசியல், அழகு என்பது மேட்டுக்குடிப் பாசாங்கு என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அதற்குப் பிறகு நானே ஒரு சூத்திரத்தில் மாட்டிக்கொண்டேன். பழைய பிளாக்குகளில் பெயர்ந்த சுவராகத் தேடி எடுக்க ஆரம்பித்தேன். வெடிப்பு, ஈரக்கசிவு, வெளியே தெரியும் கம்பி. ஒருநாள் இரண்டாவது மாடி நடையில் பூ கட்டிக்கொண்டிருந்த ஆயா ஒருவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

'இன்னா தம்பி, வந்ததுலேர்ந்து பேத்துக்கினு கீற செவுத்தையே புட்ச்சிகினு கீறே. அது போர்டு செவுரு. உள்ள வந்து பாரு, என் பொண்ணு டைல்ஸ் ஒட்டிக்கீறா. அத்த புடி.'

உள்ளே போனேன். வெளிர்பச்சை டைல்ஸ், இடுப்பு உயரத்துக்கு. ஒரு சின்ன அலமாரி, கண்ணாடிக் கதவோடு. சாமி படங்கள், அம்பேத்கர் படம், பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பை. வெளிச்சுவர் வாரியத்தின் கட்டடக்கலை என்றால், உள்ளே இருப்பது இவர்களின் கட்டடக்கலை. சீட்டு கட்டிய பணத்தில், வருஷத்துக்கு ஒரு சுவராக எழுந்தது. நான் இத்தனை நாளும் 'வாழ்நிலை'யை எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் வாழ்ந்து கட்டியதை மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்கள் அவர்களுக்குச் செய்ததை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கப்பட்டவர் என்ற ஒரே அடையாளத்துக்குள் அவர்களை நிறுத்துவதில் எனக்கும் அந்த எட்டுத் தொகுதிக்காரர்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

14 மில்லிமீட்டரை மாட்டி அறை முழுவதையும் எடுத்தேன். திரையில் பார்த்த ஆயா சிரித்துவிட்டார்.

'இன்னாபா இது, இம்மாம் பெருசா கீது எங்க வூடு? இத்த காட்னா எவன் நம்புவான்? எடம் பத்தலன்னு மனு குட்த்துகினு கீறோம், நீ வேற.'

அவர் சொன்னதில் ஒரு முழு அழகியல் விவாதம் இருக்கிறது. டைல்ஸ் அழகாகத் தெரிய வேண்டும். ஆனால் அறை பெரிதாகத் தெரியக் கூடாது. அழகும் வேண்டும், சாட்சியும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கச் சம்மதமில்லை. நம் விமர்சனம் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி முப்பது நாற்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

25ஐ மாட்டினேன். அந்த அறைக்குள் பின்னால் நகர இடமில்லை, அறை முழுவதும் சட்டகத்தில் வராது. ஆகவே துண்டு துண்டாக எடுத்தேன். எதை எடுப்பது என்று ஆயாவும் அவர் மகளும்தான் சொன்னார்கள். டைல்ஸ் ஒட்டிய சுவர். அலமாரி. கட்டிலுக்குக் கீழே இரவில் பேரன் படுக்கிற இடம். குளியலறைக் கூரையின் ஈரம். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது. ஐந்து படங்கள். எதுவும் தனியாக 'நல்ல படம்' அல்ல. பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு வீடு இருந்தது.

6

வடசென்னைப் பிள்ளைகளின் கையில் காமிராவைக் கொடுத்துச் சொல்லித்தருகிற வேலையை, 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான பழனிக்குமார் போன்றவர்கள் செய்துவருகிறார்கள். அவர்களே எடுக்கட்டும், நாம் ஒதுங்கிக்கொள்வோம் என்பது ஒரு பதில். ஓரளவு சரியான பதிலும்கூட. ஆனால் அதைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கையில் காமிரா வந்தவுடன் பார்வை மாறிவிடாது. விளம்பரத் தாளும் செய்தித்தாளும் சினிமாவும் வடசென்னையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்தேதான் கற்றுக்கொடுத்திருக்கின்றன. வெளியே இருந்து வருகிறவனுக்கும் உள்ளே இருந்து எடுக்கிறவருக்கும் பொதுவாகச் சில கேள்விகள் இருந்தாக வேண்டும்.

நான் முன்வைப்பவை மூன்று. இந்தப் படத்தை எடுக்க எங்கே நிற்க வேண்டியிருந்தது, அங்கே நிற்க யார் அனுமதித்தார்கள்? படத்தில் இருக்கிற கட்டடத்தை, படத்தில் இருக்கிறவர் எந்த அளவுக்குக் கட்டினார், எந்த அளவுக்கு அது அவர்மேல் கட்டப்பட்டது? எடுத்த படம் அவருக்கு எதற்காவது பயன்படுமா? ஒரு ஒற்றைப் படம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் என்று நான் நம்பவில்லை. அந்த ஒற்றைப் படத்தின் மீதான ஆசையை விட்டுவிடுவதுதான் முதல் வேலை என்று தோன்றுகிறது.

ஐந்து படங்களையும் பிரிண்டு போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஆயா ஒவ்வொன்றாகப் பார்த்தார். டைல்ஸ் படத்தை அலமாரிக் கண்ணாடியில் செருகிவைத்தார். குளியலறைக் கூரை, கட்டிலுக்கு அடியில் உள்ள இடம் இரண்டையும் மகளிடம் கொடுத்து, மனுவோடு சேர்த்து வைக்கச் சொன்னார். மீதி இரண்டை, 'நீயே வச்சிக்கோ, எங்கியாச்சும் காட்டணும்னா காட்டு' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் நிமிஷத்தில் செய்த இந்தப் பிரிவினையை, எதைச் சுவரில் வைப்பது, எதை மனுவில் வைப்பது, எதை ஊருக்குக் காட்டுவது என்ற பிரிவினையை, செய்யத் தெரிந்த விமர்சன மொழி நம்மிடம் இல்லை. நம்மிடம் இருக்கும் சொற்களெல்லாம் அந்த மூன்றாவது குவியலுக்கு மட்டுமே உருவானவை.